ஓய்வில் உறைந்த கணினி

பங்குப் பதிவேடுகளை நம் மக்கள் நாள்தோறும் நினைப்பதில்லை. மகளுக்கு வெளியூரில் வரன் அமைந்து திருமுழுக்குச் சான்று தேவைப்படும் போதுதான் அறைவீட்டுப் படியேறி வருவார்கள். வந்தவுடன் பெயர் கிடைத்தாக வேண்டும். 1563-ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கிய காலந்தொட்டு, இப்பொறுப்பு பங்குத்தந்தையர் தலைமேல் இருந்து வருகிறது.

2016-ஆம் ஆண்டு நாம் பேட்டையில் பணியாற்றினோம். அங்கிருந்த பழைய பதிவேடுகளின் தாள்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று துணிந்தோம். பங்குக் குடும்பம் ஒன்று சிறு கணினியொன்றை அன்பளிப்பாகத் தந்தது. அதில் லினக்ஸ் இயங்கியது. காரணம் எளிது: அதற்கு விலை கிடையாது. அதை அமைத்துத் தந்தவர் பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்த நம் பங்கு இளைஞர் ஒருவர். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருக்கு ஒரு கணினி கிடைத்திருந்தது. அவற்றுள் பலவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' என்னும் இந்திய லினக்சும் சேர்ந்தே வந்தது. மற்றப் பிள்ளைகள் அதைத் திறந்தும் பாராதிருக்க, இவர் அதிலேயே பழகித் தேர்ந்தார்.

வாசகர்களுக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு எழுதத் தொடங்கியதே லினக்ஸ். அதன் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். நாம் தட்டும் எழுத்தைத் திரைக்கும், எழுதிய கோப்பை வட்டுக்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. செயலி எப்போது உழைக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுப்பதும் அதுவே. வீட்டுக்கு அடுப்பங்கரை எப்படியோ, கணினிக்குக் கெர்னல் அப்படி. விருந்தினர் கண்ணில் அது படுவதில்லை. ஆனால் அது நின்றால் வீடே நின்றுவிடும்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், சாரல் காற்று வீசிய ஒரு மாலையில், இளைஞர் கணினியின் லினக்சைப் புதுப்பித்தார். கெர்னல் 3.13 என்ற நிலையிலிருந்து 4.4 என்ற நிலைக்கு உயர்ந்தது. முன்னது 2014 ஜனவரியிலும், பின்னது 2016 ஜனவரியிலும் வெளிவந்தவை. பாதுகாப்புக்கு அது நல்லது என்றார், நாமும் இசைந்தோம். மூன்றாம் நாள் கணினி உறைந்தது. 'ஹேங் ஆயிடுச்சு' என்று மக்கள் சொல்வார்களே, அதுதான். திரையில் எழுத்துகள் அப்படியே நின்றன. சுட்டி அசையவில்லை. பெரிய எழுத்துப் பொத்தானை அழுத்தினால் எரிய வேண்டிய சிறு விளக்கும் எரியவில்லை. மின் பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் தொடங்கினோம், ஓடியது. மறுநாள் மறுபடியும் உறைந்தது. அடுத்த இரு நாள்கள் தொல்லையில்லை. பின் ஒரே நாளில் மூன்று முறை உறைந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, மகளின் திருமண ஓலைக்காக ஒரு தாய் காத்திருந்தார். கோவையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்றிரவே இரயில். நாம் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் கணினி நின்றுவிட்டது. சேமிக்காதிருந்த பதிவுகளும் போயின. அச்சமயம் இளைஞர் உள்ளே வந்தார். உபதேசியார் முன்னிலையிலும் அந்தத் தாயின் முன்னிலையிலும், "நீ கைவைத்த நாளிலிருந்துதான் இது கெட்டது" என்று சொல்லிவிட்டோம்.

"சாமி, பழைய கெர்னல் இன்னும் உள்ளதான் இருக்கு. அதை வச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாப்போம்" என்றார் அவர்.

"இனி இதை நீ தொட வேண்டாம்" என்றோம்.

அலுவலக அறையின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். ஓலையைக் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் பாடகர் குழுவில் அவர் இல்லை. கோயிலின் பின்வரிசையில் தூணருகே நின்றார். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அவ்வாறே நின்றார்.

இளைஞரை விலக்கினோமேயன்றிக் கணினியின் கோளாறு விலகவில்லை. ஆகவே நாமே பார்க்கத் தொடங்கினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று பத்திகள் போட்டோம்: நாள், நேரம், அப்போது நடந்துகொண்டிருந்த வேலை. நேரத்தைக் கணினியே காட்டிக்கொடுத்தது. உறைந்த திரையின் மூலையில் கடிகாரமும் நின்றுபோயிருக்கும் அன்றோ!

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று விதி வகுத்துக்கொண்டோம். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமற் போகும். முதலில் மின்சாரத்தின்மேல் ஐயம் கொண்டு வேறொரு யு.பி.எஸ். இரவல் வாங்கி வைத்தோம், பயனில்லை. வெப்பமோ என்று பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம். குளிர்ந்த இரவிலும் உறைந்தது. வட்டைச் சோதித்தோம், பழுதில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிவிட்டு, முதற்பூசைக்கு எழும்போது பார்த்தோம். இரவு முழுவதும் ஓடியிருந்தது. ஒரு பிழையும் இல்லை. கணினி தானே எழுதிவைக்கும் நிகழ்ச்சிக் குறிப்பையும் படித்தோம். உறைவதற்கு முந்திய வரி சாதாரணமானது. அடுத்த வரி மறுதொடக்கத்தைச் சேர்ந்தது. நடுவில் முனகல்கூட இல்லை.

லினக்சில் அவசரத்திற்கென்று ஒரு வழி உண்டு. ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், கையிலுள்ளதை வட்டில் எழுதி, வட்டைப் பூட்டி, ஒழுங்காக மறுதொடக்கம் செய்யும். ஏதோ ஒரு செயலி நிரல் மட்டும் சிக்கிக்கொண்டிருந்தால் இது பெரும்பாலும் பலிக்கும். நமக்குப் பலிக்கவில்லை. அப்படியானால் கெர்னலுக்கே மூச்சு நின்றிருக்க வேண்டும்.

மூன்று வாரங்களில் பதினொரு குறிப்புகள் சேர்ந்தன. ஓரிரவு செபம் முடித்து நோட்டைப் புரட்டியபோது மூன்றாம் பத்தி கண்ணை உறுத்தியது. 'தொலைபேசியில் இருந்தோம்.' 'உணவுக்குச் சென்றிருந்தோம்.' 'நோயாளியைக் காணச் சென்றிருந்தோம்.' பதினொன்றில் ஒன்றுகூட நாம் தட்டிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்ததன்று. இரவெல்லாம் நினைவகச் சோதனை நடத்தியபோது உறையாத கணினி, சும்மா இருந்த ஐந்தாம் நிமிடத்தில் உறைந்தது. உழைப்பு அதைக் கெடுக்கவில்லை, ஓய்வே கெடுத்தது!

குருமடத்தில் தர்க்க வகுப்பில் ஒரு இலத்தீன் பாடம் கற்றோம்: போஸ்ட் ஹோக், எர்கோ ப்ரோப்தெர் ஹோக். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவுகட்டும் பிழைக்கு அப்பெயர். தேர்வில் அதை விளக்கி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலையில் அது நினைவுக்கு வரவில்லை. இளைஞர் கைவைத்தபின் உறைந்தது என்பது உண்மை. அவர் கைவைத்ததால் கெட்டது என்பது நம் கோபம்.

மறுநாள் மாலை உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றோம். பிறர் முன் சொன்ன சொல்லைப் பிறர் முன்தான் திரும்பப் பெற வேண்டும் என்பதால் உபதேசியாரை உடன் அழைத்தோம். தாயார் நாற்காலி போட்டார். அன்று பேசியது தவறு என்றும், அவர் சொன்னதை அன்றே கேட்டிருக்க வேண்டும் என்றும் இளைஞரிடம் சொன்னோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நோட்டைக் கொண்டு வந்திருக்கீங்களா, சாமி?" என்று கேட்டார். படித்தவர் மூன்றாம் பத்தியிலேயே விரலை நிறுத்தினார்.

பின்னர் நடந்தவை விரைவில் முடிந்தன. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு நாள்கள் ஓடியது, ஒருமுறைகூட உறையவில்லை. ஆக, வன்பொருள் மட்டும் காரணமன்று, கெர்னல் மாற்றத்திற்கும் பங்குண்டு என்பது தெளிவாயிற்று. அதன்பின், உலகின் பல நாடுகளிலும் உள்ளோர் கெர்னலின் பொதுப் பிழைப்பதிவில் எழுதியிருந்தவற்றை ஆங்கிலத்தில் தேடிப் படித்தோம். நம்முடையதைப் போன்ற செயலி கொண்ட கணினிகள் பலவும் இப்படியே சும்மா இருக்கையில் உறைந்து கிடந்தன.

காரணம் இதுவே. இக்காலச் செயலிகள் வேலையில்லாத கணமெல்லாம் மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்குகின்றன. அவ்வுறக்கத்திற்குப் படிகள் உண்டு. 'சி' என்ற எழுத்துடன் எண் சேர்த்து அவற்றைக் குறிப்பர். பூச்சியம் விழிப்பு, ஒன்று கண்ணயர்தல், ஆறு, ஏழு என்பவை உறுப்புகளுக்குச் செல்லும் மின்சாரத்தையே நிறுத்திவிடும் ஆழ்ந்த உறக்கம். புதிய கெர்னலின் கீழ் நம் செயலி அந்த ஆழத்திற்கு இறங்கியபோது சிலவேளை ஏறிவர முடியாமல் நின்றுவிட்டது. பழைய கெர்னலில் அக்குறை வெளிப்படவில்லை. 'ஒன்றாம் படிக்குக் கீழே இறங்காதே' என்று கெர்னலுக்குத் தொடக்கத்திலேயே கட்டளையிடும் ஒரு வரியை இளைஞர் சேர்த்தார். மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். மேசைக் கணினிக்கு அது பெரிதன்று. புதிய கெர்னலிலேயே ஒரு மாதம் ஓட்டினோம். கடிகாரம் நிற்கவேயில்லை.

இத்தகைய பிழையைக் கெர்னல் எழுதுவோர் தேடும் முறையும் அறியத்தக்கது. இரண்டு பதிப்புகளுக்கிடையே பத்தாயிரத்திற்கு மேற்பட்ட சிறு மாற்றங்கள் இருக்கக்கூடும். அவர்கள் நடுவிலுள்ள ஒன்றை எடுத்துச் சோதிப்பர். அங்கே கோளாறு இருந்தால் முன்பாதியிலும், இல்லையேல் பின்பாதியிலும் தேடுவர். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால் ஏறத்தாழ பதினான்கு சோதனைகளில் குற்றவாளி மாற்றம் அகப்படும். எனினும், எப்போதாவது உறையும் நோயில் ஒரு சங்கடம் உண்டு. உறைந்தால் உடனே தெரியும். 'இது உறையாது' என்று அறிய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திராமல் தீர்ப்பளித்தால் குற்றமற்றது பிடிபட்டு, குற்றமுள்ளது தப்பிவிடும்.

இன்றும் வாசகர் இல்லங்களில் கணினி இவ்வாறு நின்றுபோகக்கூடும். நேரத்தையும் அப்போது நடந்த வேலையையும் குறித்து வையுங்கள். முதலில் முக்கியமானவற்றை வேறிடத்தில் படியெடுங்கள். பழைய கெர்னலை அழித்துவிடாமல், அதில் தொடங்கிப் பாருங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுப்பித்துத் தந்த பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

அந்தத் திருமணம் இனிதே நடந்தது. மகளின் ஓலையைக் கையால் எழுதித் தந்ததில் அத்தாய்க்கு மனக்குறை ஏதுமில்லை. ஆயினும் அடுத்த முறை அவரைக் கண்டபோது, அன்று அந்தப் பையன்மேல் தவறில்லை என்று சொன்னோம். "எனக்கு அன்னைக்கே தெரியும், சாமி" என்றார் அவர். தொடர்ந்து வந்த ஞாயிறன்று இளைஞர் பாடகர் குழுவில் நின்றார். அலுவலகச் சாவியை அவர் கேட்கவில்லை. நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.