கடிகாரம் யாருடையது?



ஏற்காட்டில் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி இரண்டு வருடமாகச் செல்போனில் செஸ் ஆடுகிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். அம்மாவுக்குக் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை. லிசெஸ் தளத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, அதனால்தான் அவளால் ஆட முடிகிறது.

அவள் தோற்ற ஆட்டங்களை ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். குதிரையை முன்னே கொண்டுபோவாள். எதிராளி ஒரு சிப்பாயை நகர்த்தினால் போதும், பழைய கட்டத்துக்கே திரும்பிவிடுவாள். ஜெயிக்கிற நிலையில் இருக்கும்போதே டிரா கேட்பாள். நாங்கள் சும்மா இருப்போமா? "தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி வழிவிடப் பழக்கப்பட்ட உடம்பு, பலகையிலும் ஒதுங்குகிறது" என்று ஒரு மணி நேரம் பேசினோம். "பின்வாங்காதே, அடி" என்று பாடம் எடுத்தோம்.

அடித்தாள். தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றாள். 1200-க்கு மேல் இருந்த ரேட்டிங் 1100-க்குக் கீழே போனது.

அப்புறம்தான் வாயைத் திறந்தாள். "பயந்து பின்னால வரலண்ணா. ஆடுறது மூணு நிமிஷ ஆட்டம். எங்க லைன்ல சிக்னல் நின்னு நின்னு வரும். அது வர்றதுக்குள்ள பத்து செகண்ட் போயிடும். யோசிக்க நேரமில்லாதப்ப எது பத்திரமோ அதை வெக்கிறேன்."

போன் அம்மாவுடையது. அம்மா வேலை முடிந்து வந்து, தண்ணீர் பிடித்து, சமையல் முடிந்த பிறகு அவளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அவளுடைய பயத்துக்கு விளக்கம் சொன்ன எங்களில் ஒருவர்கூட அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று நிமிட ஆட்டத்தை விட்டோம். வகுப்பில் இருக்கும் போனில் நாளுக்கு ஒரே ஆட்டம்: ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுதல். முடிந்ததும், தோற்ற இடத்தை முதலில் அவளே தேட வேண்டும், பிறகுதான் கணினி ஆய்வு. இந்த வகை ஆட்டத்துக்கு ரேட்டிங் தனி. எட்டு மாதத்தில் 1310-இலிருந்து 1540-க்கு வந்தாள்.

அவள் பாணி மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். இப்போதும் அவள் முதலில் அடிப்பதில்லை. எதிராளி என்ன செய்ய நினைக்கிறான் என்று பார்த்து அதை அடைக்கிறாள். அவன் பொறுமையிழந்து நீட்டும் சிப்பாயைப் பிடித்துக்கொள்கிறாள். 1963 முதல் 1969 வரை உலகச் சாம்பியனாக இருந்த பெத்ரோசியன் ஆடியதும் தடுப்பாட்டம்தான். அவர் சிறுவயதில் பெற்றோரை இழந்து திபிலிசியில் தெருக்கூட்டியவர். தடுப்பாட்டத்தைக் கோழைத்தனம் என்று நாங்கள் நினைத்தது எங்கள் அறியாமை.

பஞ்சாபைச் சேர்ந்த மிர் சுல்தான் கானையும் அவளுக்குச் சொன்னோம். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபுவின் வேலையாள். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். கபாப்ளாங்காவையே வென்றவர். எஜமானர் ஊர் திரும்பியபோது அவரும் திரும்பினார், பெரிய போட்டிகள் அதோடு முடிந்தன. 2024-இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது. அப்போது அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. திறமை அவருடையது, நேரம் எஜமானருடையது.

பலகையில் சாதி கேட்பதில்லை என்கிறார்கள். உண்மைதான், எதிராளிக்கு அவள் வெறும் ஒரு பயனர் பெயர். ஆனால் பலகைக்கு வந்து சேர ஆகும் நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? நவம்பரில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கியது. விடுமுறை நாளெல்லாம் அவளும் அம்மாவோடு போகிறாள். அந்த வாரங்களில் ரேட்டிங் அப்படியே நிற்கிறது. வெறும் வரைபடத்தைப் பார்ப்பவர், "இவ்வளவுதான் இவள் திறமை" என்று சொல்லிவிடுவார்.

நம்மிடம் படிக்க வரும் பிள்ளைகளைப் பார்த்து விளக்கம் சொல்வதற்கு முன், அவர்கள் கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேளுங்கள். நாங்கள் ஒன்பது ஆட்டம் தோற்றுக் கற்றுக்கொண்டது இது. தோற்றதும் நாங்கள் இல்லை, அவள்.

ஜெய் பீம்.