இரண்டு மரக்கால்

சரித்திர நாவல் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக உண்டு. ராஜாக்களை மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே நான் ஒரு வணிகக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டேன். கடலோரத்தில் ஒரு கற்பனை நகரம், எழுநிலை மாடங்கள், துறைமுகத்தில் பாய் விரித்த மரக்கலங்கள். குடும்பத்தின் பெரியவர் கருணையே உருவானவர். வந்தவருக்கெல்லாம் முத்தை வாரி வாரிக் கொடுத்தார். பன்னிரண்டு அத்தியாயம் வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். பதின்மூன்றாவது அத்தியாயத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கொடுக்கிறவருக்கு எங்கிருந்துதான் வருகிறது?

பேனாவை மூடி வைத்துவிட்டுத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். தாமிரபரணி போகிற திசையிலேயே நானும் போனேன். ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வாழையும் நெல்லுமாகப் பசுமை கூடவே வந்தது. கொற்கையில் இறங்கிப் பார்த்தேன். குளம் இருக்கிறது, வயல் இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகத்தை ஆறே தன் வண்டலால் மூடிவிட்டது. கப்பல்கள் கிழக்கே காயலுக்கு நகர்ந்தன. பிறகு அந்தக் காயலையும் மண் விடவில்லை. இப்போது அது பழையகாயல்.

மார்க்கோ போலோ 1292-ஐ ஒட்டி இந்தக் கரைக்கு வந்து, பெரிய, சிறந்த நகரம் என்று வியந்த காயல் இதுதான் என்பார் கால்டுவெல். 1881-ல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரத்தில், இங்கே சீனப் பாண்டங்களின் சில்லுகளும் அரபுப் பாண்டங்களின் சில்லுகளும் இறைந்து கிடக்கக் கண்டதாக எழுதியிருக்கிறார். என் கண்ணுக்குப் பட்டவை உப்பளமும் உடைமரமும்தான். நான் மெனக்கெட்டுக் கற்பனை செய்த நகரம், நான் பிறப்பதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஆற்றின் வாயில் இருந்திருக்கிறது!

நகரம் மட்டுமா? குடும்பமும் இருந்திருக்கிறது. பாரசீக வளைகுடாவில் கிஷ் என்று ஒரு தீவு. அதன் அதிபதி ஜமாலுத்தீன் இப்ராஹீம், பெருவணிகர். அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கே சுந்தர பாண்டியனிடம் அமைச்சர். காயல் துறைமுகம் அவர் பொறுப்பில். அண்ணன் அங்கிருந்து குதிரை அனுப்புவார், தம்பி இங்கே இறக்கிக்கொள்வார். வஸ்ஸாப் என்ற பாரசீகச் சரித்திர ஆசிரியர் கணக்கே கொடுத்திருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள். ஒன்றுக்கு 220 பொன் தினார். பெருக்கிப் பாருங்கள், 3,08,000 தினார் ஆகிறது. வழியில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியனின் கருவூலம் விலை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். சீனத்திலிருந்து சரக்கு வந்தால் முதலில் தம்பியின் ஆட்கள் பொறுக்கிக்கொள்வார்கள்; அப்புறம்தான் மற்றவர்கள் கிட்டே போகலாம்.

ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன், கஸான் கானின் தூதராகச் சீனத்துக்கே போனவர். ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது, நம் கரைக்கு இன்னும் இரண்டு நாள் பயணம் இருக்கையில் 1305-ல் இறந்தார். சிற்றப்பாவின் சமாதிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ‘ஆகா, என் நாவல் கிடைத்துவிட்டது’ என்றுதான் நினைத்தேன்.

ஆனால் போலோ இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறார். இந்த நாட்டில் வந்து இறங்கும் குதிரைகள் ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடுமாம். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லை. லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் கப்பலில் ஏற விடுவதே இல்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்? இன்ன குடும்பம் என்று போலோ சொல்லவில்லை. பொதுவாக வணிகர்கள் என்கிறார். ஆனாலும் என் கதையில் பெரியவர் வாரிக் கொடுத்த முத்தெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார் வணிகரைப் புகழ்கிறபோது அளவைப் பற்றியும் பேசுகிறார். வாங்கும்போது கூட்டி எடுக்க மாட்டார்கள், விற்கும்போது குறைத்துத் தர மாட்டார்கள் என்கிறார். படிக்கிற காலத்தில் அதைச் சாதாரணப் புகழ்ச்சி என்று நினைத்தேன். பழையகாயலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அது வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. காரணம் எங்கள் தாத்தா.

தாத்தா திருநெல்வேலியில் நெல் மண்டி வைத்திருந்தார். ஆனித் தேரோட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்; நீர்மோர் ஓயாது. ‘தர்மவான்’ என்றுதான் ஊரில் பேர். அவர் காலமான பிறகு, நான் கல்லூரியில் படித்த நாளில், ஆச்சியிடம் ஒரு நாள் கேட்டேன்: “மண்டியிலே ரெண்டு மரக்கால் எதுக்கு ஆச்சி?”

ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஒண்ணு வாங்குறதுக்கு, ஒண்ணு விக்கிறதுக்கு. எதை எப்ப எடுக்கணும்னு அளக்குறவனுக்குத் தெரியும்லா ஐயா” என்றாள். குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கோட்டைக்கு 21 மரக்கால். ஒரு மரக்காலுக்கு ஒரு கை நெல் என்றாலும், கோட்டைக்கு 21 கை. அந்த நெல் எத்தனை களத்திலிருந்து வந்ததோ! அதில்தான் மோர்ப் பந்தல் நடந்தது. என் கல்லூரிச் சம்பளமும் அதில்தான். தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியதும் பொய்யில்லை. எல்லாம் ஒரே மனிதர்தான்.

நாவலை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் மாடமும் இல்லை, முத்தும் இல்லை. கிஷ் தீவின் கரையில் லாடம் கட்டுகிற ஒருவன் தன் பையை இடுக்கிக்கொண்டு நிற்கிறான். கப்பல் அவனை ஏற்றாமல் புறப்படுகிறது. பெரியவர் கப்பலின் மேல்தட்டில் இருக்கிறார். அவர் நல்லவர்தான். அவனைப் பார்த்தாரா இல்லையா என்பதை நான் இன்னும் எழுதவில்லை.

மரக்கால்களில் ஒன்று என் மேஜைமேல் இருக்கிறது. பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். மற்றொன்று எங்கே போயிற்றோ தெரியாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இது வாங்கிய மரக்காலா, விற்ற மரக்காலா என்று சொல்ல முடியவில்லை.