ஏழிலைப்பாலை நிழலிலே

பிள்ளையைக் கலாசாலையில் சேர்க்கப் புறப்படும் தந்தையார் என்னவெல்லாம் விசாரிக்கிறார்? சம்பளம் எவ்வளவு, பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள், படித்து முடித்தால் உத்தியோகம் உண்டா என்று கேட்கிறார். தாயாரோ ஒரு படி மேலே போய், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்கிறார். எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால், நம் பெண்ணோ பிள்ளையோ மூன்று நான்கு வருஷ காலம் எந்த ஜன்னல் வழியாக எதைப் பார்த்துக் கொண்டிருக்கப் போகிறார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. மனம் சோர்ந்த வேளையில் போய் உட்கார ஓர் இடம் உண்டா என்றும் கேட்பதில்லை. கல்வி ஸ்தாபனத்தின் கட்டிடத்துக்கும் மாணாக்கரின் மனோநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் எண்ணலாம். அந்தச் சம்பந்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அதற்கு ஏற்ற ஸ்தலம் வங்காளத்தில் இருக்கிறது. அதுதான் சாந்திநிகேதனம்.

ஹௌரா ஸ்டேஷனில் ரயில் ஏறினால், இன்று கொல்கத்தா என்று வழங்கும் கல்கத்தா நகரத்தின் புகையும் இரைச்சலும் மெள்ள மெள்ளப் பின்தங்குகின்றன. பர்த்வான் பிரதேசத்து நெல் வயல்கள் இருபுறமும் விரிகின்றன. அஜய் நதியின் பாலத்தைத் தாண்டினதும் மண்ணின் நிறம் சிவக்கத் தொடங்குகிறது. சுமார் 150 கிலோமீட்டர் பிரயாணம் செய்து போல்பூரில் இறங்குகிறோம். முன்னாளில் மாட்டு வண்டியும் பிறகு சைக்கிள் ரிக்ஷாவும் நின்ற இடத்தில், இப்போது மின்சாரத்தில் ஓடும் "டோட்டோ" வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் ஏறிக் கொண்டால் சிறிது நேரத்தில் கடைத்தெரு ஓய்ந்து, மரங்களின் ராஜ்யம் ஆரம்பமாகிறது.

இந்த மரங்கள் ஆதி முதல் இங்கே இருந்தவை அல்ல. மகாகவி ரவீந்திரநாதரின் தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதர் 1863-ஆம் ஆண்டில் 20 பிகா நிலத்தை இங்கே குத்தகைக்கு வாங்கியபோது, இது பெரும்பாலும் வெறும் செம்மண் பொட்டலாகவே இருந்தது. சாத்திம் மரங்கள் மட்டும் நிழல் தந்தனவாம். சாத்திம் என்பது நம்முடைய ஏழிலைப்பாலையே. அந்த நிழலில் மகரிஷி தியானத்தில் அமர்ந்தார். 1901-ஆம் ஆண்டு டிஸம்பரில் அவருடைய புதல்வர் ஐந்தே மாணாக்கர்களுடன் இங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அது 1921-ல் விசுவபாரதி என்ற ஸர்வகலாசாலையாக விரிந்தது. 1951-ல் மத்திய ஸர்வகலாசாலை என்ற அந்தஸ்தையும் பெற்றது.

கவிஞர் ஏன் இப்படி ஒரு பள்ளியை ஏற்படுத்தினார்? பாலப் பிராயத்தில் அவர் சென்ற பள்ளிக்கூடங்கள் ஒன்றும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு சுவர்களும், பெஞ்சுகளும், வெளியே பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் அவருடைய இளம் மனத்தைப் பிழிந்தன. பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவேயில்லை. தாம் பட்டதைப் பிற குழந்தைகள் படக்கூடாது என்று எண்ணியவர், சுவரையே நீக்கிவிட்டார்!

காலை வேளையில் மாந்தோப்பின் பக்கம் சென்றால் அந்தக் காட்சியைக் காணலாம். பாட பவனம் என்ற பள்ளிப் பிரிவின் சிறுவர் சிறுமியர் ஆளுக்கொரு ஆசனத்தை விரித்து, மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியருக்குச் சிறிய மேடை ஒன்று உண்டு. வட்டத்தில் கடைசி பெஞ்சு என்பதே கிடையாது. ஆகவே கடைசி பெஞ்சுப் பையன் என்ற அவமானமும் கிடையாது. மணி அடித்ததும் குழந்தைகள் ஆசனத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மரத்தை நாடி நடக்கிறார்கள். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையே காற்றும் வெயிலும் நிழலும் கிடைக்கின்றன. மழை வந்தால் தாழ்வாரத்துக்கு ஓட்டம்தான். வார விடுமுறையும் இங்கே ஞாயிறு அல்ல, புதன்கிழமை. ஸர்வகலாசாலையின் மேல் வகுப்புகளில் பெரும்பாலானவை கட்டிடங்களுக்குள்ளேதான் நடக்கின்றன. ஆயினும், வகுப்பை விட்டு வெளியே வந்தவுடன் சாலமர நடைபாதை காத்திருக்கிறது.

கவிஞர் உள்ளுணர்வால் செய்ததை விஞ்ஞானிகள் பின்னால் அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் தம்பதிகள் 1989-ல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தை விளக்கினார்கள். புத்தகத்தில் வலிந்து செலுத்தும் கவனம் தசையைப் போல் களைத்துப் போகும். இலை அசைவதையும் மேகம் நகர்வதையும் பார்ப்பதற்கு அந்த முயற்சி தேவையில்லை. ஆகையால் அப்போது களைத்த கவனம் இளைப்பாறுகிறது என்பது அவர்கள் கொள்கை. 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஹாஸ்டலில் வசிக்கும் 72 மாணாக்கரைச் சோதித்தார்கள். ஜன்னல் வழியே மரமும் பச்சையும் தெரிந்தவர்களுக்குக் கவனச் சோதனைகள் சிலவற்றில் மற்றவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது.

மரம் மட்டுமா? அறைகளை அடுக்கும் விதமும் மனத்தைத் தொடுகிறது. ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இருவர் நியூயார்க் மாகாணத்திலுள்ள ஸ்டோனி புரூக்கில் ஆராய்ந்து, 1977-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒருவகை விடுதியில் நீண்ட நடைக்கூடத்தின் இருபுறமும் அறைகள். முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே குளியலறை, ஒரே பொதுக்கூடம். மற்றொரு வகையில் நாலைந்து பேருக்கு ஒரு சிறு குடித்தனம் போன்ற அமைப்பு. தலைக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் நடைக்கூடவாசிகள் எப்போதும் நெரிசலில் இருப்பதாக உணர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர் அருகே காத்திருக்க நேர்ந்தால், வேறு இடத்திலும்கூட விலகி உட்கார்ந்தார்கள். யாரை எப்போது சந்திப்பது என்பது தன் கையில் இல்லாதபோது, மனிதன் எல்லோரையுமே தவிர்க்கப் பார்க்கிறான். பின்னர் ஒரு விடுதியில், நாற்பது பேர் வசித்த நடைக்கூடத்தின் நடுவே சில அறைகளைப் பொதுக்கூடமாக்கி, இருபது இருபது பேராகப் பிரித்துப் பார்த்தார்கள். அவ்வளவிலேயே குறை பெரிதும் தணிந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கலா பவனத்துக்கு வருவோம். 1919-ல் தோன்றிய இந்தச் சித்திரக் கலாசாலையில் "காலோ பாடி", அதாவது கறுப்பு வீடு, என்ற மண் வீடு இருக்கிறது. மாணாக்கர் தங்குவதற்காகக் கட்டிய விடுதி இது. மண் சுவரில் தார் பூசி, மாணாக்கரும் ஆசிரியருமாகப் புடைப்புச் சிற்பங்களை வடித்திருக்கிறார்கள். வெளியே ராம்கிங்கர் பைஜ் 1938-ல் அமைத்த "சந்தால் குடும்பம்" திறந்த வெளியில் நடந்து கொண்டிருக்கிறது. கவிஞர் 1935-ல் தமக்கெனக் கட்டிய "சியாமளி"யில் கூரையும் மண்ணாலேயே ஆனது. காந்தியடிகள் 1940-ல் வந்தபோது அந்த வீட்டில்தான் தங்கினார். தான் வசிக்கும் சுவரில் தன் கைவேலை இருந்தால், அந்த இடம் அந்நியமாகத் தோன்றுமா?

இதற்கு நேர்மாறான யோசனைகளும் உலகத்தில் உண்டு. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா ஸர்வகலாசாலையில் சுமார் 4,500 மாணாக்கருக்கு ஒரே மாபெரும் விடுதி கட்டத் திட்டமிட்டார்கள். படுக்கை அறைகளில் மிகப் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. ஆலோசனைக் குழுவிலிருந்த கட்டிடக் கலைஞர் ஒருவர் 2021-ல் ராஜினாமா செய்தார். எதிர்ப்பு வலுத்தது. 2023-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

சாந்திநிகேதனத்தில் எல்லாம் சாந்தி என்று எழுதினால் அது நேர்மையாகாது. 2004-ல் கவிஞருடைய நோபல் பதக்கம் காட்சிசாலையிலிருந்து களவு போயிற்று. அதன்பின் காவலும் வேலியும் பெருகின. 2020 ஆகஸ்டில் பௌஷ மேளா மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியபோது, ஜனங்கள் திரண்டு வந்து கட்டுமானத்தை இடித்துத் தள்ளினார்கள். நிலத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்தாருக்கு உண்டு. சொத்தை இடிப்பது நியாயமும் அல்ல. ஆனாலும், சுவருக்கு அஞ்சி ஓடிய ஒருவர் அமைத்த இடத்திலேயே சுவரைப் பற்றிச் சண்டை மூண்டது நம் நெஞ்சை உறுத்துகிறது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக அறிவித்தது. அந்தப் பெருமை, திறந்த வெளியைக் காப்பாற்றும் கடமையையும் கூடவே கொண்டு வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரம் மருந்து அல்ல. பரீட்சைப் பயம், பணக் கஷ்டம், ஜாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் கொடுமை இவற்றால் புண்பட்ட மனத்தை மாந்தோப்பு மட்டும் ஆற்றிவிடாது. அதற்குக் கனிவான ஆசிரியரும், தக்க வைத்தியரும், வீட்டாரின் காதும் வேண்டும். ஆனால், மனம் திறந்து பேசவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? இருவர் உட்காரும் திண்ணை இல்லாத கலாசாலையில் யார் யாரிடம் போய் என்ன சொல்லுவார்கள்?

ஆதலால், இனிப் பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர், ஆபீஸ் அறையோடு திரும்பிவிடாமல் ஹாஸ்டல் மாடியையும் ஒரு முறை பார்த்து வரட்டும். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? ஒரு கூடத்தை எத்தனை பேர் பகிர்ந்து கொள்கிறார்கள்? நிழலில் உட்கார இடம் உண்டா? இக்கேள்விகளைப் பலர் கேட்டால், கட்டுகிறவர்களும் நாளடைவில் யோசிப்பார்கள்.

விசுவபாரதியின் பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகளுக்கு ஏழிலைப்பாலை இலைக் கொத்து வழங்கும் வழக்கம் இருந்து வந்தது. பட்டத்தின் காகிதம் உத்தியோகத்துக்கு உதவும். தாம் வளர்ந்தது எந்த நிழலில் என்பதை நினைவூட்ட அந்த இலைதான் உதவும்.