எந்தப் பக்கம் வீடு

கோடி ரூபாய்க்கு மேல் போட்டு வீடு வாங்குகிறவனுக்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். குடிசையைப் பிடுங்கி எறிகிற சேதிகள் வரும் பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இடஒதுக்கீட்டில் படித்து, வேலைக்குப் போய், இருபது முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய ஒரு தலைமுறை இப்போது நம்மில் இருக்கிறது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. அந்தக் காசோடு சென்னையில் வீடு தேடிப் போனால் என்ன நடக்கிறது என்று யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. சேமிப்பு, பி.எஃப்., இரண்டு பேர் சம்பளத்தின் மேல் கடன் எல்லாம் கூட்டினால் ஒன்றேமுக்கால் கோடி வரை போகலாம். இந்தத் தொகைக்குப் பட்டணத்துக்குள் நல்ல ஃபிளாட் கிடைக்கும். தாம்பரம், மேடவாக்கம் பக்கம் போனால் மனையோடு தனி வீடே கிடைக்கும். நகரமா, புறநகரா? ஆபீசுக்கு எவ்வளவு தூரம், தண்ணி வருமா, மழைக்கு முழுகுமா என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். நாங்களும் போட்டோம். அதற்கு மேல் இன்னொரு கணக்கும் நம் தலையில் விழுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தென்சென்னையின் பழைய தெருக்களில் தேடினோம். கோயில், குளம், ரயில், கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். ஒரு ஃபிளாட் பிடித்திருந்தது. விலையும் ஒத்து வந்தது. புரோக்கர் கடைசியாகக் கேட்டார்: "சார், நீங்க சைவமா?"

"வித்துட்டுப் போறவருக்கு, வாங்கறவன் என்ன சாப்பிட்டா என்னங்க?"

"ஓனருக்கு ஒண்ணுமில்ல சார். மத்த ஃபிளாட்காரங்க கேப்பாங்க. எல்லாம் ஒரே மாதிரி ஆளுங்களா இருக்காங்க."

மறுநாள் போன் வந்தது. வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். அதே வீட்டுக்கான விளம்பரம் மூன்று வாரம் கழித்தும் வந்துகொண்டிருந்தது. இப்படி நான்கு இடம். எந்த இடத்திலும் யாரும் சாதிப் பெயரை உச்சரிக்கவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, காபிகூட வந்தது. சோற்றுத் தட்டை வைத்தே சாதியை விசாரித்து முடித்துவிட்டார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955இல் வந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவது, வாங்குவது, குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமையின் பேரால் தடை செய்தால் குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியார் என்றால் தீண்டாமையின் பேரால்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. எழுபது வருஷமாக இருக்கிற சட்டம். ஆனால் 'சைவமா' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனுக்குப் போவது? இன்னொரு பக்கம், 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தன் உறுப்பினர் யார் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வரையறுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கதவைச் சாத்த நினைப்பவர்களுக்கு அது தெம்பாகத்தான் இருக்கும்.

சரி, பட்டணத்தில் பழைய சாதி இருக்கிறது, புறநகர் புதுசுதானே, யார் யாரோ வந்து குடியேறிய இடம்தானே என்று நண்பர்கள் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். புறநகர் என்பது புதுசு இல்லை. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் அவை அத்தனையும் கிராமம். கிராமம் என்றால் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நடுவில் இருந்த நெல் வயல்தான் மனையாக மாறியிருக்கிறது. ஊரும் சேரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நிலம் வைத்திருந்தவன் மனை போட்டு விற்றுக் கோடீசுவரன் ஆனான். அந்த வயலில் நடவு நட்ட பெண்கள் இன்று அதே இடத்து வில்லாக்களில் பாத்திரம் தேய்க்கிறார்கள்.

அங்கே புரோக்கரின் கேள்வி வேறு. "சொந்த ஊரு எது சார்?" என்பார். மதுராந்தகம் பக்கம் என்றால், "அதுல எந்தப் பக்கம்?" என்பார். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரனிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் அது திசையைக் கேட்பதில்லை.

ஒரு வில்லா எல்லாருக்கும் பிடித்துவிட்டது. காம்பவுண்டுச் சுவர், கேட், வாட்ச்மேன், பூங்கா. பத்திரங்களின் நகலை வாங்கி வந்து வில்லங்கம் பார்க்க உட்கார்ந்தேன். வங்கியில் இருப்பதால் தாய்ப்பத்திரம் வரை போய்விடுவது என் வழக்கம். பழைய பத்திரத்தில் நான்கெல்லை விவரம் இருந்தது. அதில் ஒரு எல்லை, 'பறைச்சேரிக்குப் போகும் வண்டிப்பாதை'. அந்தப் பாதை இப்போது எங்கே? சுவர் வைத்துவிட்டார்கள். சேரி இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம். அவர்கள் பஸ்ஸுக்குச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நான் காசு கொடுத்து அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும். என் பெயரைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்காமலே இருந்தாலும், அந்தச் சுவரில் ஒரு பங்கு எனக்கும் பத்திரமாகும்.

பத்திரம் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் கிடைத்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். வேறு சாதியார் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் எத்தனையோ ஏக்கர் கைமாறிப் போனது. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். ஆகவே இந்த மாவட்டத்தில் மனை வாங்கப் போகிற நம் பிள்ளைகள் அந்த சர்வே எண் டி.சி. நிலமா என்று பார்க்காமல் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. நம் தாத்தாவிடம் பிடுங்கியதை நாமே கோடி கொடுத்து வாங்கக் கூடாது.

புறநகரில் இன்னொரு விஷயம் கழிவுநீர். பாதாளச் சாக்கடை போய்ச் சேராத இடங்கள் இன்னும் நிறைய. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளரிடம், டேங்கை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "லாரி வரும் சார். லாரியால முடியலன்னா ஆள் இறங்குவாங்க" என்றார் சாதாரணமாக. இறங்குகிற ஆள் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படி ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நின்றபாடில்லை. மாதா மாதம் பராமரிப்புத் தொகை கட்டி அந்தக் குழியில் நம் ஆளையே இறக்கும் வீடு நமக்கு எதற்கு?

பெரும்பாக்கத்திலும் பார்த்தோம். ஏரிக்கு அந்தப் பக்கம் அரசு கட்டிய அடுக்குமாடிகள். கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கு முன்பே கண்ணகி நகர், செம்மஞ்சேரி. பெரும்பாலும் நம் சனங்கள். பட்டணத்தில் வீட்டு வேலை, மார்க்கெட் வேலை, மீன் வியாபாரம் என்று நடந்து போய்ப் பிழைத்தவர்கள் இன்று 25 கிலோமீட்டர் பஸ் ஏறுகிறார்கள். எங்களோடு வந்த புரோக்கர், "போர்டு வீடு பக்கத்துல இருக்கறதாலதான் சார் ரேட்டு கம்மி. மத்தபடி நல்ல ஏரியா" என்றார். பணம் உள்ளவனுக்குப் புறநகர் என்றால் காற்றோட்டம். நம்மவர்களுக்கு அது நாடு கடத்தல். நகரத்தை விட்டுத் துரத்தப்பட்ட நம் சனம் திரும்பி வர வழியில்லாமல் நிற்கும்போது, வசதியுள்ள நாமும் நகரத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டுமா? அந்த இடத்தில்தான் எனக்குப் பாதி முடிவு வந்தது.

மீதியை எங்கம்மா முடித்து வைத்தது. காலனியில் ஒரு தொகுப்பு வீட்டில் நாற்பது வருஷம் இருந்த மனுஷி. அரசாங்கம் நமக்கு வீடு கட்டிக் கொடுத்தாலும் சேரியை ஒட்டித்தான் கட்டிக் கொடுத்தது. சேரி என்ற பெயர் போய்க் காலனி வந்தது, அதுவும் வசவுச் சொல் ஆனது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த எங்கம்மா வில்லாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரெண்டே கேள்விதான் கேட்டுச்சு. "இங்க நான் யாருகிட்டடா பேசறது? நான் செத்தா எந்தச் சுடுகாட்டுக்குத் தூக்கினு போவ?"

விசாரித்தேன். அந்த ஊரில் சுடுகாடு ரெண்டு. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. கேட்டுக்குள் வில்லா வாங்கினாலும் செத்த அன்றைக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்து நிற்கும். பட்டணத்திலோ மாநகராட்சி எரிமேடைக்குப் போனால் ரசீது போடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார்கள்.

1917இல் பரோடாவில் பெரிய படிப்புப் படித்து, வேலையும் கையில் வைத்திருந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அதே அம்பேத்கர்தான் 1930களில் பம்பாய் தாதரில், 'இந்து காலனி' என்று பெயர் கொண்ட இடத்தில், புத்தகங்களுக்கு இடம் விட்டு ராஜகிருகத்தைக் கட்டினார். ஒதுங்கிப் போய்க் கட்டவில்லை. நட்டநடு நகரத்தில் கட்டினார்.

நாங்கள் பெரம்பூரில் முடிவு செய்திருக்கிறோம். சொர்க்கம் இல்லை. மழை வந்தால் சுரங்கப் பாதை முழுகும். மெட்ரோ வேலையில் ரோடு குதறிக் கிடக்கிறது. 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது நம் குடிசைகள் எரிந்த புளியந்தோப்பு பக்கத்திலேயே இருக்கிறது. அதை மறந்துவிட்டு யாரும் அங்கே குடி போக முடியாது. ஆனால் ரயில்வே பட்டறையும் மில்லும் கொண்டுவந்து சேர்த்த தெருக்கள் அவை. ஆங்கிலோ இந்தியர், முஸ்லிம், தெலுங்கர், நம்மவர் என்று கலந்து கிடக்கிற தெருவில் மாட்டுக்கறிக் கடையும் இருக்கிறது, பஜனைக் கோயிலும் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இருக்கிறது. ஸ்டேஷன் நடக்கிற தூரம். வீட்டை விற்கும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரிஜிஸ்ட்ரேஷன் எந்தத் தேதிப்பா?"

வில்லாவில் கிடைக்கிற இடத்தில் பாதிதான் இங்கே கிடைக்கிறது. சொந்தக்காரர்களில் சிலர், இவ்வளவு காசை வச்சிக்கினு வடசென்னையா என்று கேட்கிறார்கள். எல்லாரும் பெரம்பூருக்கு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. மயிலாப்பூரில் விடாப்பிடியாக நின்று, சட்டத்தைக் காட்டி வாங்குகிற இளைஞர்கள் வந்தால் அவர்களோடு சாட்சிக் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறேன். வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணி, ரயில், பள்ளிக்கூடத்தோடு இன்னும் நான்கு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். இந்த நிலம் யாருடையது, இந்தச் சுவர் யாரை மறிக்கிறது, இந்தக் குழியில் யார் இறங்குகிறார்கள், இங்கே செத்தால் எங்கே கொண்டுபோவார்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாத இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நமக்கு அது அதிக விலைதான்.