டிஸ்கில் ஒரு வரிசை, பின்னில் ஒரு வரிசை

வெள்ளி, இரவு

கல்யாண மண்டபத்திலிருந்து வந்து கை கால் கழுவியதும் கேமரா கார்டுகளைக் காப்பி போட உட்கார்ந்தோம். மூன்று கேமரா, ஒரு கோப்ரோ, நாதஸ்வரத்துக்குத் தனியாக ஓர் ஆடியோ ரெக்கார்டர். புதிதாகச் சேர்ந்த தம்பி, "வீடியோவை மட்டும் இழுத்துப் போட்டுரவாண்ணே?" என்றான். கார்டில் இருப்பதை அப்படியே எடுக்கச் சொன்னேன்.

சோனி கார்டைத் திறந்தால் பிரைவேட் என்றொரு ஃபோல்டர், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப். ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் சின்னதாக ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல். எடுத்த நேரம், ஃப்ரேம் ரேட் போன்ற விவரங்கள் அதில் இருக்கின்றன; வீடியோவை மட்டும் உருவினால் அது விட்டுப்போகும். தவிர, ஒவ்வொரு சோனி கேமராவும் சி0001 என்றுதான் எண்ணத் தொடங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால், இதே பெயரில் இன்னொன்று இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஒரு கிளிக் போதும், தாலி கட்டிய ஷாட் போய்விடும். அதனால் கார்டுக்கு ஒரு ஃபோல்டர்: கேம்_ஏ_கார்டு1, கேம்_பி_கார்டு1.

4கே-யை நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, காப்பி அசலைப் போலவே இருக்கிறதா என்று பார்க்கும் செக்சம் ஒத்துப்போன பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வோம். விடிந்தாலும் சரி, இதில் அவசரம் கூடாது.

சனி

நலங்கு, மாலை மாற்று, தாலி கட்டு, ஆசீர்வாதம் என்று ஹார்டு டிஸ்கிலேயே ஃபைல்களைப் பிரிக்கத் தொடங்கினான் தம்பி. நல்ல யோசனைதான், ஆனால் அதைச் செய்ய வேண்டிய இடம் எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் இருக்கும் 'பின்' என்ற ஃபோல்டர். ஒரே கிளிப்பில் மாலை மாற்றும் இருக்கும், ஓரத்தில் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதும் இருக்கும். பின்னில் அதை இரண்டு இடத்திலும் வைக்கலாம். டிஸ்கில் நகர்த்தினால் டைம்லைன் முழுக்க 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவந்து நிற்கும். டிஸ்கில் கேமரா எழுதிய வரிசை, பின்னில் கல்யாணம் நடந்த வரிசை. இந்த இரண்டையும் கலக்கவே கூடாது.

கோப்ரோவைத் தனியாகக் காட்டிக்கொடுத்தேன். நீளமான ஷாட்டை அது துண்டு துண்டாக எழுதும். பெயரில் துண்டின் எண் முன்னால், ஷாட்டின் எண் பின்னால்: ஜிஎக்ஸ்010023, அடுத்த துண்டு ஜிஎக்ஸ்020023. பெயர் வரிசையில் அடுக்கினால் இரண்டுக்கும் நடுவே வேறு ஷாட்டெல்லாம் வந்து புகுந்துவிடும். எடுத்த நேரப்படி அடுக்கினால் சேர்ந்து வரும்.

திங்கள்

சில வருஷங்களுக்கு முன் கல்யாணம் எடுத்துக் கொடுத்த வீட்டிலிருந்து அந்தப் பெண் போன் செய்தார். பாட்டி தவறிவிட்டார், அவர் பேசிய வீடியோ வேண்டும் என்றார். கொடுத்த படத்தில் பாட்டி சில நொடிதான் வருவார். ஆனால் எடுத்ததை எல்லாம் வைத்திருக்கிறோம்; மெயின் ஃபோல்டர் பெயரில் ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள், ஊர் என்று எழுதுவது எங்கள் வழக்கம். தேடாமலே கிடைத்தது. கேம்_பி கார்டில் பாட்டி திருநீறு பூசி, பேத்தியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசியிருந்தார். வெட்டாமல் முழுசாக அனுப்பினேன். ரா ஃபுட்டேஜை அழிக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

அந்தப் பழைய எடிட்டும் திறந்தது, டாவின்சி ரிசால்விலிருந்து எக்ஸ்போர்ட் செய்த ப்ராஜெக்ட் ஃபைலான டிஆர்பி கூடவே இருந்ததால். பிரீமியரில் ப்ராஜெக்ட் தனி ஃபைலாக நம் ஃபோல்டரிலேயே இருக்கும். ரிசால்வ் அதைத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். ஃபுட்டேஜ் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தால் எடிட் அதோடு வராது. ப்ராக்ஸியையும் கேஷையும் அழித்துவிடலாம், மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கும் டிஆர்பி எடுத்து இரண்டு டிஸ்கிலும் போடும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.