காக்கியை மடித்து வைத்த பின்

கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகின்றோம். எங்களுள் ஒருவர் சென்னை மாநகரக் காவல்துறையில் 39 ஆண்டுகள் காக்கி உடுத்தியவர். மற்றவர் அந்தக் காக்கிக்குக் கஞ்சி போட்டு மடித்துக் கொடுத்தவர். ஊதியம் ஒருவர் பெயரில் வந்தது. பணியோ இருவருடையதாகவே இருந்தது.

1983இல் இரண்டாம் நிலைக் காவலராகத் தொடங்கிய அப்பணி, 25 ஆண்டுகள் நிறைந்தபின் சிறப்பு உதவி ஆய்வாளர் என்ற நிலையை எட்டி, 2022இல் நிறைவுற்றது. 1856 முதல் ஆணையரின் கீழ் இயங்கிவரும் படை அது. அதன் தலைமையகம் 2013இல் எழும்பூரிலிருந்து வேப்பேரிக்கு மாறியது. எழும்பூரின் பழைய கட்டடம் 2021இல் காவல் அருங்காட்சியகமாயிற்று. பழைய நாட்களின் பொருள்கள் அங்கே கண்ணாடிக்குள் காக்கப்படுகின்றன. காவலர் குடியிருப்பின் அடுப்படிகளில் நள்ளிரவுவரை மூடிவைத்த சோற்றை எந்தக் கண்ணாடிக்குள் வைப்பது?

ஊருக்குத் திருநாள் என்றால் காவலருக்குப் பந்தோபஸ்து. ஆகஸ்டு 29இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னை ஆலயத்தில் கொடி ஏறும். செப்டம்பர் 8 வரை மக்கள் வெள்ளம் ஓயாது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து குடும்பங்கள் வெளிவருகையில், சாலையில் ஊர்திகளை ஒழுங்குபடுத்த ஒருவர் பனியில் நின்றாக வேண்டும்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்த 1986 பிப்ரவரி 5ஆம் நாள், அவர் சென்ற வழியிலேயே எங்களுள் ஒருவருக்குப் பணி. ஆயினும் பந்தோபஸ்தில் நிற்பவர் கூட்டத்தை நோக்கியே நிற்க வேண்டும். வருபவர் முதுகுப்புறமாகக் கடந்து செல்வார். திருத்தந்தையின் முகத்தைக் கண்டவர், கைக்குழந்தையுடன் கூட்டத்தில் நின்ற மற்றவரே. அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இல்லறத்தின் பெரும்பகுதி இவ்வாறே நடந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை கடல் மெரினாவில் ஏறியபோதும், 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோதும், ஒருவர் வெளியே பிறரைத் தேடினார். மற்றவர் வீட்டில் அவரிடமிருந்து ஒரு சொல் வருமா என்று காத்திருந்தார். காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுமுறை அளிக்கும் அரசாணை 2021இல் வந்தது. அதற்குள் நாங்கள் அப்படிகளைக் கடந்துவிட்டோம். இளைய குடும்பங்களுக்கேனும் அது கிட்டியதே என்று மகிழ்ந்தோம்.

ஓய்வுக்குப்பின் வந்த முதல் மாதங்கள் எளியன அல்ல. குடியிருப்பைக் காலி செய்து வாடகை வீடு புகுந்தோம். ரோல் கால் இல்லை. ஆயினும் விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ரேஷன், பள்ளி, மருத்துவமனை என அனைத்தையும் தனியே நடத்திப் பழகியவருக்கு, நாள் முழுதும் கூடத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் புதியவர். ஊராரிடம் அடையாளம் கேட்டு வாழ்ந்தவரோ, ஓய்வூதியத்திற்காக ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டியவரானார்! காய்கறிக் கடைக்கு ஒருவர், சமையலுக்கு இருவர், மாலை நடைக்கு இருவர் என்று பேசி முடிவு செய்தோம். மெல்ல மெல்ல வீடு இருவருக்கும் பழகிற்று.

எனினும், காக்கி போனபின் இனி நம்மால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதற்கு விடை, அண்டை வீட்டுக் கதவில் தொங்கிய ஒரு பால் பையிலிருந்து வந்தது.

அங்கே தனியே வாழ்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆறு மணிக்கு எடுக்கும் பாலை அன்று பத்து மணியாகியும் எடுக்கவில்லை. நாங்கள் கதவைத் தட்டினோம். திறந்தவர், பேசாதீர்கள் என்று சைகை காட்டினார், கை நடுங்கிற்று. கைப்பேசித் திரையில் காவல் உடையணிந்த ஒருவன். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். அவர் ‘டிஜிட்டல் கைதில்’ இருக்கிறாராம். வங்கியில் உள்ள பணம் முழுவதையும் சரிபார்ப்புக்காக அனுப்ப வேண்டுமாம். எங்களுள் ஒருவர் கைப்பேசியை வாங்கி, “எந்த ஸ்டேஷன்? குற்ற எண் என்ன?” என்று கேட்டார். இணைப்பு அறுந்தது. மற்றவர் ஆசிரியையின் கையைப் பற்றி, “போலீஸ்காரர் பேச்சை நான் 39 வருஷம் கேட்டவள், டீச்சரம்மா. கைது செய்ய வருகிறவர் கதவைத் தட்டுவார், போனில் பணம் கேட்கமாட்டார்” என்றார். அவரது வாழ்நாள் சேமிப்பு தப்பியது.

அன்று முதல், அஞ்சி நிற்பவர்கள் எங்கள் வீட்டிற்கு வருகின்றார்கள். நாங்கள் சொல்பவை சிலவே. காணொலி அழைப்பில் கைது என்பது சட்டத்தில் இல்லை. பணம் பறிபோனால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் தந்தவரின் உரிமை. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை நிலையத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்த இயலாது.

உங்கள் பங்கிலும் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் இருக்கக்கூடும். பெரும்பாலும் கடைசி வரிசையில், வாயிலருகே நிற்பார். அது அவரது நெடுநாள் வழக்கம். அவரையும் அவர் மனைவியையும் ஒரு மாலை வீட்டிற்கு அழையுங்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு நிறைய உண்டு. திருநாளில் விருந்தினராக அமர்ந்த பழக்கந்தான் குறைவு.