முட்டுக்கட்டை

முட்டுக்கட்டை என்பது நம்மிடையே ஒரு வசைச்சொல். காரியத்துக்குக் குறுக்கே நிற்பவனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டிவிடுகிறோம். தேரோட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே அந்தக் கட்டையின் அருமை தெரியும். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும். ஓடுகிற தேரை நிறுத்த, சக்கரத்தடியில் கட்டை கொடுக்கும் சிலர்தான் உண்டு.

இந்த ஞானம் திருவதிகையில், என் பழைய காருக்கடியில் மல்லாந்து கிடந்தபோது எனக்கு உண்டாயிற்று.

அதற்கு முந்தின வாரம், பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழத்தை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். கோயில் தெருத் திருப்பத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுவன் குறுக்கே ஓடி வந்தான். பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. நல்லவேளையாகக் கைப்பிரேக் கம்பியால் இழுபடுவது. அதை இழுத்தேன். பையனுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது. அவன் பந்தோடு ஓடிவிட்டான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, "பின் வீல் சிலிண்டர்ல வாஷர் போயிடுச்சு சார்" என்றார். புதுச் சாமான் வாங்கி, அவர் சொன்னபடி நானே மாட்டினேன். அது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு 'ஏர் எடுப்பது' இருக்கிறதே, அதுதான் காரியம்!

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டு சொன்னார். கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்துபோன விதி. காரின் பிரேக் அதை நம்பித்தான் இருக்கிறது. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். குழாயைக் கழற்றியபோது புகுந்த காற்று, காலின் பலத்தையெல்லாம் தானே விழுங்கிவிடும். பெடல் பஞ்சுமூட்டையாகிவிடும்.

அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னாலுள்ள நிப்பிளைத் தளர்த்துவார். அதில் செருகிய குழாய் வழியே எண்ணெயும் குமிழியும் பாட்டிலில் இறங்கும். நிப்பிளை முடுக்கிய பிறகே காலை எடுக்கவேண்டும். முன்னால் எடுத்தால், போன காற்று வந்த வழியே திரும்பிவிடும்.

செங்கல் அண்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டையும் வைத்துவிட்டுக் கீழே படுத்தேன். என் மனைவி பெடலில் கால் வைத்தாள். அரைமணி நேரமாகியும் குமிழி ஓயவில்லை.

"காலை எடுத்துட்டியா?" என்று கத்தினேன்.

"நீங்கதானே 'ம்'னு சொன்னீங்க?"

"அது, பிடிச்சுக்கோ என்கிற 'ம்'!"

"இருபது வருஷமா எல்லாத்துக்கும் ஒரே 'ம்'தான். எந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

காருக்கடியிலிருந்து இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். எழுந்து வந்திருந்தாலும் பதில் இருந்திருக்காது. வார்த்தையை விற்றே பிழைக்கிறவன் நான்; வீட்டுக்கு ஒரு முழு வார்த்தை கொடுத்ததில்லை!

அதன்பிறகு அவள் வைத்ததே சட்டம். "மிதி" என்பேன். "மிதிச்சிட்டேன்" என்பாள். முடுக்கிவிட்டு "விடு" என்பேன். "விட்டுட்டேன்" என்பாள். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை இறங்கிப் போய், மேலே டப்பாவில் எண்ணெய் வற்றாமல் புதிதாக ஊற்றினாள். பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப ஊற்றக்கூடாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அந்த எண்ணெயின் குணம். கால்மணியில் குமிழி நின்றது. பெடல் கல்லாக நின்றது.

திரிபுரம் எரித்த தலம் இந்தத் திருவதிகை. பூமி தேராயிற்று, சூரிய சந்திரர் சக்கரமானார்கள், பிரமன் சாரதியானான் என்று புராணம் சொல்கிறது. முட்டுக்கட்டை போட்டவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறார்கள். அங்கேயும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் தேர் நகர்வதில்லை.

மாலையில் ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். அதே திருப்பத்தில் மிதித்தேன். வண்டி நின்றது.

"சரியா இருக்காங்க?" என்றாள்.

'ம்' என்று வாயெடுத்தவன் சமாளித்துக்கொண்டு, "நல்லா இருக்கு. நீ இல்லாம இது முடிஞ்சிருக்காது" என்றேன்.

அவள் தெருவைப் பார்த்தபடி, "ம்" என்றாள்.